ஆடும் எளுவாவும்: விலங்குப் பெயராராய்ச்சியில் ஒப்புமையும் உறவும்

ஒரு மொழியின் பழைய உறவுகளை அறிய முயல்வோர் முதற்கண் நாடுவன அரசர் பெயர்களோ ஊர்ப் பெயர்களோ அல்ல. உடலுறுப்புக்களின் பெயர்களையும், எண்ணுப் பெயர்களையும், விலங்குகளின் பெயர்களையுமே அவர்கள் நாடுவர். அரசு மாறும், சமயம் மாறும், ஆட்சிமொழியும் மாறும். கண்முன் மேயும் ஆட்டையும், புதரில் மறையும் பாம்பையும் மக்கள் தம் முன்னோர் அழைத்த பெயராலேயே அழைத்து வருவர். ஆயினும் விலங்குப் பெயர் முற்றிலும் நம்பத்தக்க சான்றன்று. வளர்ப்பு விலங்கு வணிகரோடு நாடு கடந்து செல்லும். அதன் பெயரும் உடன் செல்லும். எனவே உறவுக்குச் சான்றாக நிற்கும் சொல்லும் உண்டு; கடனாக வந்த சொல்லும் உண்டு; இரண்டுமன்றித் தற்செயலாய் ஒத்தொலிக்கும் சொல்லும் உண்டு. இம்மூன்றையும் வேறு பிரித்தறிதலே ஒப்பியல் மொழிநூலின் முதற் கடமை.

இக்கடமையை விளக்குதற்கு ஊவா மாகாணம் மிகப் பொருத்தமான களமாகும். பதுளை நகரைச் சூழ்ந்த ஹாலிஎல, தெமோதரை, பசறை, லுணுகலை முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ் வழங்குகின்றது. அவற்றை அடுத்த கிராமங்களிலும் வயல் சூழ்ந்த பள்ளத்தாக்குகளிலும் சிங்களம் வழங்குகின்றது. அதே பதுளை மாவட்டத்தின் வட எல்லையில், மகியங்கனையை அடுத்த தம்பானையில், இத்தீவின் முதுகுடியினரான வேடர் வாழ்கின்றனர். பதுளையில் ஒருவர் 'ஆடு' என்று சுட்டும் விலங்கை அவர் அயலவர் 'எளுவா' என்று சுட்டுவர். இவ்விரு சொற்களும் செவிக்குச் சற்றும் ஒத்தனவல்ல. ஐரோப்பாவின் மேற்குக் கோடியில், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடைப்பட்ட பிரனீசு மலைச்சாரலில் வழங்கும் பாஸ்கு மொழியிலோ, செம்மறியாட்டுக்குப் பெயர் 'அர்தி'. 'ஆடு', 'அர்தி' ஆகிய இரண்டும் ஒத்தொலிப்பன போலத் தோன்றுகின்றன. இவற்றுள் எது உறவு, எது மயக்கம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தொலைவிலுள்ள உறவைத் தேடும் வேட்கை

பாஸ்கு மொழி தனக்கு இனமென்று கூறத்தக்க வேறெம்மொழியும் இன்றித் தனித்து நிற்பது. இந்தோ-ஐரோப்பிய மொழிகள் மேற்கு ஐரோப்பாவிற் பரவுமுன் அங்கு வழங்கிய மொழிகளுள் இன்றுவரை உயிரோடிருப்பது அஃது ஒன்றே. ஆதலின் அதற்கு உறவு தேடி அறிஞர் பலர் காக்கேசிய மலைக்கும் வட ஆபிரிக்காவுக்கும் சென்றனர். திராவிட மொழிகளையும் சிலர் அணுகினர். இவ்வழியிற் பெரிதும் பேசப்பட்டது ருமேனியரான நிக்கொலாஸ் லகோவாரி எழுதி, 1963இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலாகும். திராவிடரின் மூலத்தையும் மேற்குலகையும் இணைக்கும் அந்நூல், மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த தொன்மொழிகளும் பாஸ்கு மொழியும் திராவிட மொழிகளும் ஒரே பழங்குடியின் வழிவந்தன என்று நிறுவ முயல்கின்றது.

தமிழருக்கு இத்தகைய கொள்கை புதியதன்று. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1938 முதல் வெளியிட்ட சொற்பிறப்பு ஒப்பியல் தமிழகராதியில், தமிழ் வேர்ச்சொற்களைப் பிற மொழிக் குடும்பங்களின் சொற்களோடும் இணைத்துக் காட்ட முயன்றார். தமிழே உலக முதன்மொழி என்பது தேவநேயப் பாவாணரின் முடிபு. யப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டு என யப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ பல்லாண்டுகள் வாதிட்டார். இவர்களின் உழைப்பும் மொழிப்பற்றும் போற்றற்குரியன. எனினும் போற்றுதல் வேறு, ஏற்றுக்கொள்ளுதல் வேறு.

மலையகத்தில் இத்தகைய நூல்களுக்கு ஒரு தனிக் கவர்ச்சி இருப்பதன் காரணமும் ஈண்டு நோக்கற்பாலது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் விளைவாகத் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் நிகழ்ந்த சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாற் பங்கிட்டது. எஞ்சியோரின் உரிமைக் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பெரிதும் நீங்கிற்று. வேரற்றவர் என்று நெடுங்காலம் இகழப்பட்ட மக்கள், தம் மொழியின் வேர் பிரனீசு மலைவரை படர்ந்துள்ளது எனக் கேட்கும்போது உள்ளங் குளிர்தல் இயல்பே. அவ்வியல்பை அறிந்தே ஆசிரியன் எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும். ஆறுதல் தருவது என்னும் காரணத்தால் ஒரு முடிபு உண்மையாகிவிடாது.

ஒலிமாற்றத்தின் ஒழுங்கு

சொற்கள் ஒத்திருத்தலை மட்டுங்கொண்டு மொழியுறவு கூறுதல் பழங்காலத்து வழக்கம். வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியன ஒரு பொது மூலத்தினின்றும் கிளைத்தன என 1786இல் சேர் வில்லியம் ஜோன்ஸ் உரைத்த பின்னரே, அவ்வழக்கம் மெல்ல மெல்ல முறையான ஆய்வாக மாறியது. தென்னிந்திய மொழிகள் வடமொழியினின்றும் பிறந்தனவல்ல, தமக்குள் ஓரினமாவன என்பதனை 1816இல் எல்லிஸ் எடுத்துக் காட்டினார். 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தால் விரிவாக நிலைநாட்டினார். பரோ, எமனோ ஆகிய இருவரும் 1961இல் திராவிடச் சொற்பிறப்பகராதியை வெளியிட்டனர். அதன் திருத்திய பதிப்பு 1984இல் வெளிவந்தது.

இவ்வறிஞர் கண்ட நெறியின் உயிர்நாடி யாதெனின், ஒலிகள் தனித்தனிச் சொல்லில் மனம்போனபடி மாறுவதில்லை என்பதாம். ஒரு மொழியில் ஓர் ஒலி மாறுமாயின், ஒத்த சூழலில் அமைந்த சொற்கள் எல்லாவற்றிலும் அவ்வாறே மாறும். இதற்கு விலங்குப் பெயர்களே நல்ல சான்று தருகின்றன. தமிழின் 'புலி' கன்னடத்தில் 'ஹுலி'. 'பாம்பு' அங்கு 'ஹாவு'. 'பன்றி' அங்கு 'ஹந்தி'. சொல்லின் முதலில் நின்ற பகரம் கன்னடத்தில் ஹகரமாயிற்று என்பது இவற்றாற் புலனாகும். இம்மாற்றம் விலங்குகளோடு நிற்பதன்று. 'பால்' என்பது 'ஹாலு' எனவும், 'பல்' என்பது 'ஹல்லு' எனவும் வரும். பழைய கன்னடக் கல்வெட்டுக்களில் பகரமே காணப்படுதலின், மாற்றத்தின் திசையும் ஐயத்துக்கிடமின்றித் தெளிவாகின்றது.

மற்றோர் ஒழுங்கினையும் காணலாம். தமிழில் இன்று 'ஆனை' எனவும் 'யானை' எனவும் வழங்கும் சொல், தெலுங்கில் 'ஏனுகு' என நிற்கும். தமிழின் 'யாறு', பின்னர் 'ஆறு' எனப்பட்டது, தெலுங்கில் 'ஏறு'. 'யாண்டு', பின்னர் 'ஆண்டு' எனப்பட்டது, தெலுங்கில் 'ஏடு'. பழந்தமிழின் 'யா' தெலுங்கில் 'ஏ' ஆகும் என்னும் விதி இவற்றாற் பெறப்படும். இவ்விதி பின்வரும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

'அர்தி' என்னும் சோதனை

இனிப் பாஸ்கு மொழியின் விலங்குப் பெயர்களை நோக்குவோர், அவை இரு பிரிவினவாதலைக் காண்பர். ஒரு பிரிவு இலத்தீனிலிருந்து கடன் பெற்றது. பூனைக்குப் பெயரான 'கத்து' அத்தகையது. வாத்தைக் குறிக்கும் 'அஹத்தே', இலத்தீன் 'அனத்தெம்' என்பதனின்றும் வந்தது. இரண்டு உயிர்களுக்கிடையே நின்ற னகரம் பாஸ்கு மொழியில் மறைந்தொழியும் என்பது விதி. சங்கிலியைக் குறிக்கும் இலத்தீன் 'கத்தேனா' பாஸ்குவிற் 'கத்தேயா' ஆனதும் அவ்விதியாலேயே ஆகும். 1961இல் தம் பாஸ்கு ஒலி வரலாற்று நூலை வெளியிட்ட லூயிஸ் மிச்செலேனா இத்தகைய விதிகளைத் திரட்டி, கடன் சொல்லையும் சொந்தச் சொல்லையும் பிரித்தறிய வழிசெய்தார்.

மற்றைப் பிரிவு அம்மொழிக்கே உரிய பழஞ்சொற்கள். ஓநாயைக் குறிக்கும் 'ஒட்ஸோ' அவற்றுள் ஒன்று. உரோமர் ஆட்சிக் காலத்தில் அக்கித்தானியப் பகுதியிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்களில் 'ஒக்ஸொன்' என்னும் ஆட்பெயர் வருகின்றது. அறிஞர் இதனை 'ஒட்ஸோ'வின் பழைய வடிவமாகக் கொள்வர். செம்மறியாட்டின் பெயரான 'அர்தி'யும் பழஞ்சொல்லே. இடையனைக் குறிக்கும் 'அர்ட்ஸைன்', கம்பளியைக் குறிக்கும் 'அர்த்திலே' ஆகிய தொகைச் சொற்களிலும் அதன் ரகரம் நீங்காது நிற்கின்றது. ஆதலின் அந்த ரகரம் வேருக்கு உரியது, இடையிற் புகுந்ததன்று.

இதனைத் தமிழ் 'ஆடு' என்பதனோடு வைத்து நோக்கின், முதற்பார்வையில் ஒப்புமை உண்டு. எனினும் 'ஆடு' என்பது அச்சொல்லின் பழைய வடிவன்று. சங்கச் செய்யுட்களிலும் தொல்காப்பியத்திலும் காணப்படுவது 'யாடு' என்பதாம். அதற்கு இனமான தெலுங்குச் சொல், ஆட்டுக்கடாவைக் குறிக்கும் 'ஏட' என்பது. வட இந்தியாவின் சோட்டா நாகபுரிப் பகுதியில் வழங்கும் குரூக் மொழியில் அது 'ஏடா'. பலுச்சித்தானத்தின் பிராகுயி மொழியில் 'ஹேட்'. 'யானை–ஏனுகு', 'யாறு–ஏறு' என்னும் இணைகளில் விளங்கிய விதியே 'யாடு–ஏட' என்பதிலும் விளங்குகின்றது. இவற்றின் பொதுமூலம் யகரத்தை முதலாகவும் டகரத்தை இடையாகவும் கொண்டது. அதில் ரகரத்துக்கு இடமில்லை.

எனவே காலத்திற் பின்னோக்கிச் செல்லுந்தோறும் தமிழ்ச்சொல் பாஸ்குச் சொல்லை விட்டு விலகிச் செல்கின்றது. உண்மை உறவினர் முன்னோரை நெருங்குந்தோறும் ஒருவரையொருவர் நெருங்குவர். இவ்விரு சொற்களோ முன்னோரை நெருங்குந்தோறும் பிரிகின்றன. தற்செயல் ஒப்புமையின் இலக்கணம் இதுவே. பாரசீகத்தில் 'பட்' என்றாலும் ஆங்கிலத்தில் 'பட்' என்றாலும் 'தீய' என்பதே பொருளாகும். ஆயினும் அவ்விரு சொற்களும் வெவ்வேறு மூலத்தின என்பதனை மொழிநூலார் யாவரும் ஒப்புவர். மனித நாவு எழுப்பும் ஒலிகள் சிலவே, சொற்களோ பல்லாயிரம். இரண்டசைச் சொற்களில் இத்தகைய ஒற்றுமைகள் எவ்விரு மொழிகளுக்கிடையிலும் தோன்றியே தீரும்.

மற்றொரு சோதனையும் உண்டு. உறவு உண்மையாயின் ஒரு சொல் மட்டுந் தனித்து ஒவ்வாது. அதனைச் சூழ்ந்த குடும்பமும் ஒக்கும். தொல்காப்பிய மரபியல், மோத்தை, தகர், உதள், அப்பர் ஆகியன ஆட்டின் ஆண்பாற் பெயர்கள் எனக் கூறும். ஆட்டின் இளமைக்கு 'மறி' என்பதனை உரைக்கும். கன்னடத்தில் 'தகர்' என்பதும் 'மரி' என்பதும் உடன் நிற்றலின், திராவிட மொழிகளுக்குள் குடும்பம் முழுவதும் பொருந்துதல் காணலாம். பாஸ்கு மொழியில் ஆட்டுக்கடா 'அஹாரி', வெள்ளாட்டுக்கடா 'அக்கெர்', ஆட்டுக்குட்டி 'பில்தொட்ஸ்'. இவற்றுள் ஒன்றேனும் மோத்தையோடோ தகரோடோ மறியோடோ ஒவ்வாது. வீட்டில் ஒருவர் முகம் மட்டும் ஒத்திருப்பதாற் குடும்பங்கள் இரண்டும் ஒன்றாகிவிடா.

லகோவாரி போன்றோர் சொற்களோடு இலக்கண அமைப்பையும் துணைக்கழைப்பர். தமிழும் பாஸ்குவும் ஒட்டுநிலை மொழிகள் என்பது மெய்யே. ஆனால் துருக்கியும் யப்பானிய மொழியும் ஒட்டுநிலை மொழிகளே. அன்றியும், பாஸ்கு மொழியில் ஒரு செயலைச் செய்யும் எழுவாய் தனி உருபேற்கும். வினைமுற்று எழுவாயோடு செயப்படுபொருளையும் காட்டி நிற்கும். தமிழின் இயல்பு இதுவன்று. இவை போன்ற காரணங்களால், பாஸ்கு மொழியின் வரலாற்றை 1997இல் விரிவாக எழுதிய ஆர். எல். ட்ராஸ்க், அம்மொழிக்குக் கூறப்பட்ட தொலையுறவுகள் எவையும் நிறுவப்படவில்லை என முடிவு கூறினார். மொழியியலாருட் பெரும்பாலோரின் கருத்தும் அதுவே.

'எளுவா' வந்த வழி

இனி, ஒவ்வாதன போலத் தோன்றிய 'ஆடு', 'எளுவா' என்னும் இணையை ஆராய்தல் வேண்டும். 'எளுவா' என்னும் சிங்களச் சொல், பாளி 'எளக' என்பதன் வழிவந்தது. அது வடமொழி 'எடக' என்பதனோடு இனமானது. உயிர்களுக்கிடையே நின்ற டகரம் ளகரமாதல் அவ்வழியில் ஒழுங்கான மாற்றம். பூனையைக் குறிக்கும் வடமொழி 'பிடால' என்பது பாளியிற் 'பிளால' எனவும் சிங்களத்திற் 'பளலா' எனவும் வருதல் காண்க. சேவலைக் குறிக்கும் 'குக்குட' சிங்களத்திற் 'குக்குளா' ஆதலும் அன்னதே. சிங்களச் சொற்பிறப்பைத் தம் வாழ்நாளாய்வாகக் கொண்ட ஜேர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் கைகர் இவ்வொலிவிதிகளைத் தொகுத்தளித்துள்ளார்.

ஆயின் வடமொழிக்கு 'எட', 'எடக' என்னும் சொற்கள் வந்தது எவ்வாறு? செம்மறியாட்டுக்கு வடமொழியின் மரபுச் சொல் 'அவி' என்பது. அதற்கு இனமாக இலத்தீனில் 'ஒவிஸ்', லித்துவேனிய மொழியில் 'அவிஸ்' ஆகியன உள. வெள்ளாட்டுக்கு வேதமொழியில் 'அஜ' என்னும் சொல்லும் உண்டு. 'எட' என்பதற்கோ ஐரோப்பிய இனமொழிகளில் இணையான சொல் இல்லை. ஆதலின் அஃது இந்திய மண்ணிற் பெற்ற கடன் எனக் கருதிய பரோ, அதனைத் திராவிட மொழிகளின் 'யாடு–ஏட' என்னும் சொல்லோடு ஒப்பிட்டுக் காட்டினார்.

இம்முடிபை ஏற்பின் விளைவு வியப்பூட்டுவது. பதுளையில் ஒருவர் 'ஆடு' என்றும் அயலவர் 'எளுவா' என்றும் கூறுதல், ஒரே பழஞ்சொல்லின் இருமுனைகளைத் தொடுதலாகும். தமிழ்ச்சொல் தெற்கே தங்கி யகரத்தை இழந்தது. அதன் உடன்பிறப்பு வடக்கே ஆரிய மொழியிற் புகுந்து, பிராகிருதமாகவும் பாளியாகவும் உருமாறிய நெறியைப் பின்பற்றிச் சிங்களமாய் இத்தீவை அடைந்தது. செவிக்கு எட்டாத இவ்வுறவு ஒலிவிதிக்கு எட்டுகின்றது. செவிக்கு எளிதிற் புலப்பட்ட 'அர்தி'யின் உறவோ ஒலிவிதியின் முன் நில்லாது மறைகின்றது.

இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 'எளுவா' தமிழிலிருந்து சிங்களத்துக்குச் சென்ற சொல் என்று மேடையிற் கூறிவிடலாகாது. வடமொழி வடிவின் முதலில் நிற்பது எகர ஒலி. அது தமிழின் 'யா', 'ஆ' என்பனவற்றோடு பொருந்தாது, தெலுங்கு, குரூக், பிராகுயி ஆகியவற்றின் ஏகாரத்தோடே பொருந்துகின்றது. எனவே கடன் கொடுத்தது தமிழன்று. வடபால் வழங்கிய வேறொரு திராவிட மொழியாதல் வேண்டும். தமிழின் பெருமைக்கு இதனாற் குறைவொன்றும் இல்லை. தனக்கு உரியதல்லாததைத் தனதென்னாமை மொழிக்கும் அறமே.

இரண்டு பழைய வழக்குகள்

விலங்குப் பெயராராய்ச்சியில் முடிபு கூறுதல் எத்துணை அரிது என்பதற்கு வேறிரு வழக்குகளையும் சுட்டலாம். எபிரேய விவிலியத்தில், சாலமன் மன்னனுக்குக் கப்பலில் வந்த பொருள்களுள் 'துக்கி' என்னும் உயிரினமும் கூறப்படுகின்றது. அது மயிலென்றும், தமிழ்த் 'தோகை' என்பதன் திரிபென்றும் கால்டுவெல் எழுதினார்; தமிழ் மேடைகளில் இது பலகாலும் முழங்கியது. எனினும் விவிலியத்தில் அச்சொல் குரங்கின் பெயரோடு சேர்ந்து வருதலை நோக்கி, அதுவும் ஒருவகைக் குரங்கின் எகிப்தியப் பெயரே என்று ஓல்பிறைற்று என்னும் அறிஞர் கருதினார். கடல்வாணிகம் நடந்தது மெய்யாதலின் கால்டுவெல்லின் கருத்து இயலாததன்று; ஆனால் ஐயத்துக்கு அப்பாற்பட்டதுமன்று. அதனை உறுதியான சான்றாக மாணவர்க்குக் கற்பித்தல் முறையாகாது.

மற்றது இலங்கைக்கே உரியது. தென்னமெரிக்காவின் பெரும்பாம்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'அனக்கொண்டா' என்னும் பெயர், அந்நாட்டுச் சொல்லன்று. 1693இல் ஜோன் ரே என்னும் ஆங்கிலேய இயற்கைநூலார் தம் நூலில் இலங்கைப் பாம்பொன்றன் பெயராக அதனைக் குறித்தார். பின்னரே அது கடல் கடந்து அமெரிக்கப் பாம்பைச் சென்று சேர்ந்தது. இதனைத் தமிழ் 'ஆனைக்கொன்றான்' என்பதன் திரிபென யூல் முதலியோர் கூறினர். சிங்கள 'ஹெனகந்தயா' என்பதன் திரிபென வேறு சிலர் கூறினர். சிங்களப் பெயர் மெல்லிய உடலையுடைய ஒரு பாம்பைக் குறிப்பது. ரே குறித்ததோ எருமையையும் நொறுக்கும் பெரும்பாம்பு. பொருள் தமிழ்ப்பக்கம் சாய்கின்றது. ஒலியோ சிங்களப்பக்கமும் சாய்கின்றது. தமிழரும் சிங்களவரும் ஒரே தீவில் ஒரே பாம்பைக் கண்டு பெயரிட்டு வாழ்ந்தனர் என்பது மட்டும் இவ்வழக்கால் ஐயமின்றிப் பெறப்படும்.

தம்பானையின் தனிமொழி

பாஸ்குவைப் போன்று உறவற்று நிற்கும் மொழியைக் காண விரும்புவோர் பிரனீசு மலைக்குச் செல்ல வேண்டுவதில்லை. ஊவாவின் எல்லைக்குள்ளேயே வேடர் பேச்சு உள்ளது. 1911இல் வேடரைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட செலிக்மன் தம்பதியரும், 1972இல் வேட மொழியை ஆராய்ந்து நூல் செய்த எம். டபிள்யூ. சுகதபால டி சில்வாவும் அப்பேச்சைப் பதிவு செய்துள்ளனர். சிங்கள இலக்கணமும் சிங்களச் சொற்களும் அதிற் பெரிதும் கலந்துவிட்டன. எனினும் ஆரியத்துக்கும் திராவிடத்துக்கும் அடங்காத சில சொற்கள் அதன் அடித்தளத்தில் எஞ்சியுள்ளன என்பர். பன்றிக்கு வேடர் கூறும் 'தொல' என்னும் சொல் அத்தகையது. சிங்களத்தில் அதே ஒலியுடைய சொல் படையலைக் குறிக்கும். 13ஆம் நூற்றாண்டில் தோன்றிய சிதத்சங்கராவ என்னும் சிங்கள இலக்கணமும், பிறமொழி மூலம் காட்டவியலாத நாட்டுச் சொற்களுக்குத் தனிவகை ஒன்று வகுத்துள்ளது.

வேடரின் விலங்குப் பெயர்களுட் பல வருணனைச் சொற்களாய் அமைதலை செலிக்மன் தம்பதியர் எடுத்துக்காட்டினர். காட்டில் விலங்கின் மெய்ப்பெயரைச் சொல்லலாகாது என்னும் அச்சமும் இதற்குக் காரணமாகலாம். சிங்கள வேட்டைக்காரரிடத்தும் காட்டுமொழி என ஒரு தனிப்பேச்சு இருந்தது. சிலாவிய மொழியினர் கரடியைத் 'தேனுண்பது' எனக் குறிப்பாற் சுட்டியதும், தமிழர் கொடிய நஞ்சுடையதனை 'நல்ல பாம்பு' என்றதும் இவ்வகையினவே. அச்சத்தால் மறைக்கப்பட்ட பெயர் நாளடைவில் மறக்கப்படும். பின்வரும் ஆராய்ச்சியாளனுக்கு மூலச்சொல் கிடையாது போகும். விலங்குப் பெயராராய்ச்சியின் இடர்களுள் இதுவும் ஒன்று.

இம்மொழியின் நிலையே கவலைக்குரியது. தம்பானையில் இளந்தலைமுறையினர் சிங்களத்தையே பேசி வளர்கின்றனர். கிழக்குக் கரையோரத்து வேடரோ தமிழ் பேசுவோராயினர். பாஸ்கு மொழிக்கு இன்று பள்ளிகளும் ஏடுகளும் ஒலிபரப்பும் உண்டு. மொழிக்கழகம் ஒன்று 1919 முதல் அதற்கென இயங்கி வருகின்றது. வேட மொழிக்கு அத்தகைய காவலர் இலர். எட்டாத மொழியோடு இல்லாத உறவை நிறுவ நூல்கள் எழுதப்படுகின்றன. எட்டிய இடத்தில் ஒரு மொழி மெல்ல மெல்ல அவிந்து வருகின்றது.

முடிபு

மேற்கூறியவற்றால் லகோவாரி நூலின் மதிப்பை வரையறுக்கலாம். தொன்மக்களின் பெயர்ச்சியைப் பரந்த நோக்கோடு எண்ணிப் பார்த்த முயற்சி என்னும் வகையில் அது கற்கத்தக்கது. மொழியுறவை நிறுவிய நூல் என்னும் வகையில் அது நில்லாது. ஒலிவிதி, பழைய வடிவம், சொற்குடும்பம் என்னும் மூன்று சோதனைகளையும் கடவாத ஒப்புமை, எத்துணை இனிமையாக ஒலிப்பினும் உறவாகாது.

மலையக மாணவர்க்கு இதனாற் பெறப்படும் பாடம் ஒன்றுண்டு. பிறந்த மண்ணில் வாழும் உரிமைக்குச் சொற்பிறப்பு சான்றாதல் வேண்டுவதில்லை; மலைகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கிய தலைமுறைகளின் உழைப்பே அதற்குப் போதிய சான்று. மொழியாராய்ச்சி அவ்வுரிமைக்கு வழக்குரைக்கும் கருவியன்று. உண்மையை அறியும் கருவியாக அதனைக் கையாளின், அது தரும் பயன் வேறு. அயலான் மொழியென்று ஒதுக்கிய மொழியின் 'எளுவா'வுக்குள் திராவிடத்தின் பழைய 'யாடு' மறைந்து நிற்றலை அது காட்டும். அயலானுக்கும் அவ்வாறே காட்டும்.

தமிழாசிரியரும் சிங்கள ஆசிரியரும் தத்தம் மாணவரைக் கொண்டு இம்மாகாணத்து விலங்குப் பெயர்களைத் தோட்டந்தோறும், கிராமந்தோறும், தம்பானையிலும் முறையாகத் தொகுப்பராயின், தொலைதூர ஒப்பீடுகள் பலவற்றினும் உறுதியான பயன் விளையும். அதற்கு வேண்டுவன ஒரு குறிப்பேடும், முதியோர் சொல்வதனைச் சொன்னபடியே எழுதும் நேர்மையுமே ஆகும். முதியோர் உள்ள போதே அப்பணி தொடங்கப்படல் வேண்டும்.